டெக்கைச் சுமந்துகொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பழைய வீடியோ கசெட்டுகளை ஊரிலிருந்து அள்ளி வந்து, இங்கே கனடாவில் ஆறுதலாக டிஜிட்டலாக மாற்றலாம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். இத்தனை வருஷமாக அவற்றைத் தூசி தட்டி வைத்திருப்பவர் தர மாட்டார். எங்கள் வீட்டில் அது பெரியம்மா. "வெளியில போன ஒண்டும் இந்த வீட்டுக்குத் திரும்பி வாறேல்ல" என்றார். கசெட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று விளங்கியதால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே கருவிகள்தான் கசெட்டைத் தேடிப் போக வேண்டும். காசு செலவழிக்க வேண்டியது கசெட்டை ஓட்டும் டெக்குக்கு (விசிஆர்). புதிது கிடைக்காது, ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழையதில், சாதாரண விஎச்எஸ்ஸைவிடத் தரம் கூடிய எஸ்-விஎச்எஸ் வகை நல்லது. நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ வெளியீடு இருக்கும், ஜேவிசி, பானசோனிக் மாடல்கள் சிலவற்றில் டிபிசியும் (டைம் பேஸ் கரெக்டர்) உள்ளேயே இருக்கும். நாடா தளர்ந்து வளைந்து நெளியும் வரிகளை நேராக்குவது அதுதான்.

இலங்கையிலும் இந்தியாவிலும் பதிவானவை ‘பால்’ என்ற டிவி முறை, 625 வரி, வினாடிக்கு 25 படம். வட அமெரிக்காவில் விற்ற சாதாரண டெக் என்டிஎஸ்சி என்ற வேறு முறை. அதில் இவை ஒழுங்காக ஓடாது. ஆனால் அதே அலமாரியில் நாங்கள் கனடாவிலிருந்து அனுப்பிய கலியாணக் கசெட்டும் கிடக்கும், அது என்டிஎஸ்சி. பிரான்சிலிருந்து போனது செகாம் என்ற மூன்றாவது முறையாக இருக்கலாம். எல்லா முறையும் ஓடும் டெக்கைப் பாருங்கள். கணினியில் செருகும் யுஎஸ்பி கருவியும் அந்த முறைகளை ஏற்க வேண்டும். எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவுப் பெட்டி வேண்டாம். பல பெட்டிகள் முகங்களை அகலமாக இழுத்துவிடும்.

இனி, யாரும் சொல்லாத விஷயம். கசெட் ஓடும் நேரம்தான் பதிவாகும் நேரம். இ-180 என்றால் மூன்று மணித்தியாலம், குறுக்குவழி கிடையாது. பெரியம்மா கதிரையை இழுத்துப்போட்டு முன்னால் இருந்துவிட்டார். செத்துப்போன ஒருவர் திரையில் வந்ததும் "நிப்பாட்டு, பின்னால ஓட்டு" என்பார். நிறுத்தினால் பதிவு கெடும். நிறுத்தாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் சித்தப்பா வந்தார், திரையில்தான். காணிப் பிரச்சினையில் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா. "அந்த ஆளை வெட்டிப்போட்டுத் தா" என்று பெரியம்மா ஒரே பிடி. சித்தப்பாவோ படம் முழுக்க மாப்பிள்ளையின் தோளோடு ஒட்டி நிற்கிறார். அவரை வெட்டினால் மாப்பிள்ளையும் போவார். சொன்னேன். "போகட்டும்" என்றார். இதைக் கேள்விப்பட்டு மச்சாள் வந்தாள், தன் பழைய சம்பந்தக்காரரையும் நீக்க வேண்டுமாம். பின்னேரங்கள் எல்லாம் இதிலேயே போயின. பார்க்க வேண்டிய ஆட்களைப் பார்க்காமலே விமானம் ஏறினேன்.

எனவே முதலில் பதிவு, பிறகு காட்சி. ஆட்கள் இல்லாத நேரத்தில் ஓட்டுங்கள். பால் கசெட்டை 720×576 அளவிலும் என்டிஎஸ்சியை 720×480 அளவிலும் பிடியுங்கள். இன்டர்லேசை (ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் படம் வரும் முறை) அந்த இடத்தில் நீக்க வேண்டாம். உதட்டசைவையும் குரலையும் கடைசி நிமிடங்களில் சரிபாருங்கள், தொடக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கசெட்டின் முதுகு ஓரத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் தவறிப்போய் மேலே பதிவாகாது. நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுகளையும் கெடுக்கும்.

கைக் கேமராவில் எடுத்த சின்னக் கசெட் இருந்தால் அதை ஓட்டக் கேமராவும் வேண்டும். வீடியோ8, ஹை8 இரண்டையும் ஓட்டும் டிஜிட்டல்8 மாடல்கள் உண்டு, எல்லாம் ஓட்டாது, கேட்டு வாங்குங்கள். மினிடிவி ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாகக் கணினிக்கு அப்படியே இறக்கலாம், மணிக்கு 13 ஜிபி அளவில் வரும்.

மூலக் கோப்பில் யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள். இரண்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, வெட்டச் சொன்னவருக்கு வெட்டிய எம்பி4 பிரதியைப் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். சித்தப்பா வீட்டுக்கு வெட்டாதது.