ஆடிட் பதிவைக் கேர்னலிடம் கொடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபீசுக்கு செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து கிலோவை யாராவது பிறகு திருத்தினால் அதற்குத் தடயம் இருக்க வேண்டும். "முழுப் பேர் எப்படி அரைப் பேராச்சு?" என்று, முழுநாள் கூலி அரைநாளாய்க் குறைந்த ஒரு அக்கா கேட்டால் காட்ட வேண்டியது அதைத்தான். சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடினால், அந்தத் தடயத்தை அதன் மையமான கேர்னலின் ஆடிட் லாக்கிலேயே (தணிக்கைப் பதிவேட்டிலேயே) சேர்க்கலாம். ஆடிட் என்ற சிஸ்டம் கால் (கேர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு), பிஎஸ்எம் என்ற ஆடிட் வடிவத்தில் கட்டி முடித்த பதிவையும் அதன் நீளத்தையும் வாங்கிக்கொள்ளும்.

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. பைட்டுகளை நாமே அடுக்கி நேரடியாக அனுப்புவது. பதிவின் இலக்கணம் சரியா என்று கேர்னல் முழுதாகச் சோதிப்பதில்லை. கோணலான பதிவு உள்ளே போனால் லாக்கே பழுதாகலாம். அப்புறம் அக்காவுக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. லிப்பிஎஸ்எம் நூலகம் இருக்கும்போது ஏன் இந்த வம்பு? ஏயூ_ஓபனில் தொடங்கி, டோக்கன்களை (பதிவின் துண்டுகளை) ஏயூ_ரைட்டால் சேர்த்து, ஏயூ_குளோஸில் முடியுங்கள். தலைப்பையும் வாலையும் அதுவே போட்டுவிடும். பதிவு 32,767 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் முழுசாகத் திணிக்காமல், மாறிய எண்களை மட்டும் எழுதினால் போதும்.

அனுமதி இல்லை என்று சொல்லும் இபெர்ம் பிழை வந்ததும் முழு வெப் செயலியையும் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) ஓட்டுகிறார்கள் சிலர். அனுமதி வேண்டும், உண்மைதான். அதற்காக இப்படியா? பதிவை எழுத மட்டும் ஒரு சின்னத் துணை நிரலை வைத்து, அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

யார் திருத்தினார் என்ற கேள்வியில் ஏமாறுவது இன்னும் சுலபம். சர்வர் பூட்டாகும்போதே கிளம்பிய செயலிக்கு ஆடிட் அடையாளம் எதுவும் அமைந்திருக்காது. ஏயூ_டு_மீ கொடுக்கும் டோக்கன் அந்தச் செயலியைத்தான் குறிக்கும், திரைக்கு முன்னால் இருக்கும் கிளார்க்கை அல்ல. லாக்கைப் படித்துக் காட்டும் ப்ரஆடிட்டில் திறந்தால் ஆள் பெயர் வர வேண்டிய இடத்தில் -1 நிற்கும். ஆகவே செயலிக்குள் லாகின் செய்த பெயரை உரை டோக்கனில் தனியாக எழுதுங்கள். பாஸ்வேர்டு, அடையாள அட்டை எண் எல்லாம் அங்கே வேண்டாம்.

பதிவு எந்த வகை என்று சொல்லும் நிகழ்வு எண்ணையும் இஷ்டத்துக்கு எடுக்கக்கூடாது. வெளிச் செயலிகளுக்கு 32768 முதல் 65535 வரை இருக்கிறது. அதிலும் 43000 முதல் 46999 வரை ஓப்பன்பிஎஸ்எம் தனக்கென்று எடுத்துவைத்தது. எடுத்த எண்ணை ஆடிட்_ஈவென்ட் கோப்பில் பெயரோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் லாக்கில் வெறும் எண்தான் தெரியும்.