பிக்கப் மூடிக்குள் தண்ணீர் வந்த வழி

ஹூஸ்டன் மழைக்காகத்தான் பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்கு மூன்றாக மடியும் அலுமினிய மூடி போட்டேன். சில மழையில் கேபின் பக்க மூலைகளில் தண்ணீர் தேங்கும், சில மழையில் சொட்டுகூட இருக்காது. மடிப்புகளில் சிலிக்கோன் பூசினேன், டெயில்கேட்டுக்கு, அதாவது தொட்டியின் பின்கதவுக்கு, புது ரப்பர் ஒட்டினேன், பலனில்லை. அப்புறம்தான் கவனித்தேன்: வண்டியின் மூக்கு தாழ்ந்து நிற்கிற சரிவில் நிறுத்தினால் மட்டுமே ஒழுகுகிறது.

பட்டப்பகலில் தொட்டிக்குள் படுத்து, மனைவியை மூடச் சொன்னேன். பக்கச்சுவரின் பிளாஸ்டிக் உறை முன்சுவரைச் சந்திக்கும் இரண்டு மூலையிலும் விரல்நுனி அளவு வெளிச்சம்! அங்கே ஒரு சின்னப் பள்ளம், மூடியின் ரப்பர் அதைத் தொடவே இல்லை.

கிளாம்ப்களைத் தளர்த்தி, இருபக்க இடைவெளியும் சமமாகும்வரை மூடியை நகர்த்தி, பள்ளத்தில் ஃபோம் டேப் ஒட்டி இறுக்கினேன். ஹோஸால் அடித்துப் பார்த்தாயிற்று, உள்ளே காய்ந்தே இருக்கிறது, பெரிய நிம்மதி. ஒட்டும் முன் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், மெழுகு பாலிஷ் மேல் டேப் பிடிக்காது.