காசநோய் ஆறிய நெஞ்சில் பூசணம்: கண்டறிவதும் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவதும்

காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை முடிந்து, சளிப் பரிசோதனையும் சுத்தமாக வந்திருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி இருமல், சளியில் ரத்தக் கோடு. உடம்பு இளைத்துக்கொண்டே போகும். கட்டுத்தரையைக் கூட்டினாலே மூச்சு வாங்கும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் ‘டிபி திரும்பிவிட்டது’ என்று பழைய மாத்திரையையே மறுபடி தொடங்கிவிடுவது பலருக்கு நடக்கிறது. தொடங்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சளியில் டிபி கிருமி இருக்கிறதா? இல்லையென்றால், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அந்தப் பழைய புண்ணில் குடியேறியிருக்கலாம்.

இது மண்ணிலும் மக்குகிற எல்லாவற்றிலும் வாழும் பூசணம். 50 டிகிரி சூட்டிலும் வளரும் என்பதால், உள்ளே கையை வைக்க முடியாதபடி கொதிக்கும் எருக்குழி அதற்கு நல்ல இடம். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி எரு, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு, மழையில் நனைந்த சோளத்தட்டுப் போர், ஈரத்தோடு மூட்டை கட்டிய மக்காச்சோளம் என எதைக் கிளறினாலும் வித்துகள் பறக்கும். ஒரு வித்தின் அளவு 2 முதல் 3 மைக்ரான். நுரையீரலின் கடைசி அறை வரை போகும். நாம் எல்லோரும் தினமும் இதைச் சுவாசிக்கிறோம், நல்ல நுரையீரல் வெளியேற்றிவிடுகிறது. டிபி தின்ற இடத்தில் மிஞ்சும் குழியில் ரத்த ஓட்டமும் இல்லை, சளியை மேலே தள்ளும் நுண்மயிரும் இல்லை. அங்கே விழுந்த வித்து முளைக்கிறது. சிலருக்கு அது பந்தாகவே திரண்டுவிடும்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. நோயாளிக்குத் தனித்தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம்.

இணையத்தில் ‘மண்ணிலிருந்து வரும் நுரையீரல் பூஞ்சை’ என்று தேடினால் கலிபோர்னியா, அரிசோனா பாலைவனத்துப் பள்ளத்தாக்குக் காய்ச்சல்தான் முதலில் வரும். அது வேறு பூஞ்சை. அதற்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸிடம் வேலை செய்யாது. படர்தாமரைக்கு வாங்கி வைத்த ஃபுளுகோனசோலை ‘இதுவும் பூஞ்சை மருந்துதானே’ என்று விழுங்கினால் நாள்தான் வீணாகும்.

கண்டறிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இருமல், எடை இழப்பு, ரத்தச் சளி போன்ற தொந்தரவு மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சிடி ஸ்கேனில் குழி, அதன் சுவர் தடிப்பு, உள்ளே பந்து போன்றவை தெரிய வேண்டும். ரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் கூடியிருக்க வேண்டும். இவற்றோடு சளியை, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் கொடுத்து டிபி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இது இலவசம். சளி வளர்ப்பில் பூஞ்சை வராததால் நோய் இல்லை என்றாகாது. வந்துவிட்டதாலேயே நோய் என்றும் ஆகாது, காற்றில் வந்த வித்தாகவும் இருக்கலாம். பழைய எக்ஸ்ரே, சிடி படங்களைத் தூக்கிப்போடாதீர்கள். நிழல் வளர்ந்திருக்கிறதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

ஆஸ்துமாக்காரருக்கு இதே பூஞ்சை வேறு விதமாக வரும். அது ஒவ்வாமை. பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாகச் சளி வரும், இன்ஹேலருக்கு இளைப்பு அடங்காது. ரத்தப் பரிசோதனையில் ஆஸ்பெர்ஜில்லஸுக்கான ஐஜிஇயும் (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்), 500-க்குக் குறையாத மொத்த ஐஜிஇயும் அதைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு அல்லது இட்ரகோனசோல் என்ற பூஞ்சை மருந்து சுமார் நான்கு மாதம். குழியில் வளரும் பூஞ்சைக்கோ ஸ்டீராய்டு தனியாகக் கொடுத்தால் அது உரம் போட்டது மாதிரி. இளைப்புக்கென்று போடும் டெக்ஸாமெதசோன் ஊசி இரண்டு நாள் சுகம் தந்து, உள்ளே நோயை வளர்த்துவிடும்.

குழியில் வளர்வதற்கு வழக்கமான மருந்து இட்ரகோனசோல்: 200 மில்லிகிராம், காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. குறைந்தது ஆறு மாதம். சண்டிகர் பிஜிஐ மருத்துவர்கள் ஆறு மாதத்தையும் பன்னிரண்டு மாதத்தையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது தெளிவாகக் குறைந்தது. இருமல் நின்றதும் மூன்றாம் மாதத்திலேயே மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மருந்து பலிக்காமல் போவது பெரும்பாலும் சாப்பிடும் முறையால்தான். இட்ரகோனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். வெறும் வயிற்றில் போடாமல், வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போடுங்கள். நம் ஊரில் எந்தச் சீட்டிலும் கூடவே எழுதப்படும் பான்டோபிரசோல், ஒமெபிரசோல் அமிலத்தை அடக்கி மருந்தை உடம்பில் சேரவிடாமல் செய்யும். அவசியமில்லையென்றால் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்செரிச்சலுக்கான திரவ மருந்தை கேப்சூலுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். எளிதில் உடம்பில் சேரும்படி செய்த புதுவகை இட்ரகோனசோலும் கடையில் உண்டு. அதன் மில்லிகிராம் கணக்கு வேறு, அதனால் ‘அதே மருந்துதான்’ என்று கடைக்காரர் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தளவு பார்க்க முடிந்தால் பார்ப்பது நல்லது.

டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் இட்ரகோனசோலை ஈரல் வழியே அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் பூஞ்சைக்கு மருந்தே போகாத மாதிரிதான். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் அந்த வேகம் இருக்கும்.

வேறு மாத்திரைகளின் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கொலஸ்டிராலுக்கான சிம்வாஸ்டாடின் இதோடு சேர்ந்தால் தசையைச் சிதைக்கும். பிரஷருக்கான அம்லோடிபின் கூடிப்போய் கால் வீங்கும். புடசோனைடு, ஃபுளூடிகசோன் இன்ஹேலர்கள் ரத்தத்தில் தேங்கி, முகம் உப்பி, சர்க்கரை ஏறும். இதயம் பலவீனமானவருக்கு இட்ரகோனசோல் கூடாது. அவர்களுக்கு வொரிகோனசோல் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடுகிறவர் உச்சி வெயிலில் வயல்காட்டில் நின்றால் தோல் வெந்துபோகும், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும். எந்த மருந்தானாலும் ஈரல் பரிசோதனை முதல் மாதத்திலேயே, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். கண் மஞ்சளித்தால், கால் வீங்கினால், பாதம் மரத்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

ரத்தக் கோடு வருவதற்கும் ரத்தமே வருவதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு நாளில் அரை டம்ளர் வந்தால் 108-ஐ அழையுங்கள். எந்தப் பக்க நுரையீரலில் குழி என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நல்ல பக்கம் ரத்தத்தால் அடைபடாது. பெரிய மருத்துவமனையில் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கசியும் ரத்தக்குழாயை அடைப்பார்கள். ஒரே இடத்தில் ஒற்றைப் பந்தாக இருந்து, மற்ற நுரையீரல் தெம்பாக இருப்பவருக்கு அறுவை சிகிச்சையே நோயை முடித்துவிடும்.

கீமோ எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர் ஆகியோருக்கு இந்தப் பூஞ்சை மாதக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் பரவும். காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

நுரையீரலில் குழி இருப்பவர் எருக்குழியைக் கிளறும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் விடுவதே நல்லது. முடியாதபோது, முந்தின நாள் மாலையே எருவை நன்றாக நனைத்து வையுங்கள். மூக்கில் கட்டும் துண்டு 2 மைக்ரான் வித்தைத் தடுக்காது. என்95 முகக்கவசம் முகத்தோடு இடைவெளி விடாமல் பொருந்த வேண்டும், தாடி இருந்தால் பொருந்தாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது குவியலுக்கு மேற்குப் பக்கம் நின்று வேலை செய்யுங்கள், தூசி உங்களை விட்டு விலகிப் போகும். முடிந்ததும் சட்டையை வாசலிலேயே கழற்றித் தண்ணீரில் ஊறப்போடுங்கள், உதறக் கூடாது.