பழுதான கார் ஸ்டீரியோவை நீங்களே மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செலவைக் குறைக்க எண்ணித் தம் காரின் ஸ்டீரியோ செட்டைத் தாமே மாற்றுபவர்களுக்கு அருகில் நின்று உதவும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி அமைகிறது. நான் தொடக்க காலத்தில் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற மறப்பது போன்றவற்றை எந்தக் கையேடும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். காருடன் வந்த செட்டை மாற்றுவதைவிட, யாரோ ஒருவர் பின்னர் வாங்கிப் பொருத்திய செட்டை மாற்றுவது கடினமானது. ஏனெனில், டேஷ்போர்டுக்குப் பின்னால் அந்த முகம் தெரியாத மனிதர் என்ன செய்துவிட்டுப் போனார் என்பது நமக்குத் தெரியாது.

ஃபியூஸைப் பார்க்காமல் புதிய செட் வாங்குதல்

பெரும்பாலான செட்டுகளின் பின்புறத்தில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று செருகப்பட்டிருக்கும். செட் உயிரற்றுக் கிடந்தால் முதலில் அதைப் பிடுங்கிப் பாருங்கள். அதே ஆம்பியர் ஃபியூஸைப் போட்டும் மீண்டும் உருகினால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. பெரிய ஃபியூஸைப் போட்டீர்களானால் அடுத்து உருகுவது வயராக இருக்கும்.

பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணுக்குப் பணம் கொடுத்தல்

‘4 × 50 வாட்’ என்ற எழுத்தைப் பார்த்து விலை உயர்ந்த செட்டை எடுப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை வைத்து, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்கக்கூடிய திறன், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 26 வாட்டைத் தாண்டாது. முற்றிலும் சிதைந்து சதுர அலையாகிவிட்ட ஒலிக்குத்தான் ஐம்பதை ஒட்டிய எண் வரும். சிக்கனமாக முடிக்க விரும்புபவர், சிடி இயந்திரம் இல்லாத, ஆழம் குறைந்த செட்டை வாங்குவதே நல்லது. விலையும் குறைவு, பின்னால் வயர்களுக்கு இடமும் கிடைக்கும்.

வயரின் நிறத்தை நம்புதல்

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. புதிய செட்டுடன் வரும் ஹார்னஸில் (பிளக்கோடு கூடிய வயர்க் கட்டு) நிறங்களுக்கு ஏறக்குறைய ஒரே பொருள்தான்: மஞ்சள் நிலையான 12 வோல்ட், சிவப்பு சாவியைத் திருப்பினால் வருவது, கருப்பு எர்த், வெள்ளையும் சாம்பலும் முன் ஸ்பீக்கர்கள், பச்சையும் ஊதாவும் பின் ஸ்பீக்கர்கள். ஆனால் இந்த ஒழுங்கு செட்டின் பக்கத்துக்கு மட்டுமே உரியது. காரின் பக்கம் தயாரிப்பாளரின் விருப்பம். அதற்கு மேல், முன்பு செட் பொருத்தியவர் கையில் அன்று எந்த நிற வயர் மீதமிருந்ததோ அதைக்கொண்டு நீட்டியிருப்பார். பழைய செட்டின் பிளக் புதிய செட்டில் அழகாக நுழைகிறதே என்று மகிழ்வதும் இதே தவறுதான். சாவி பூட்டுக்குள் நுழைந்துவிட்டாலே கதவு திறந்துவிடாது; ஒரே வடிவமுள்ள 16 முள் பிளக்கில் முள்களின் வரிசை செட்டுக்குச் செட் மாறுகிறது.

நண்பர் ஒருவர் காரின் பக்கமிருந்து வந்த கருப்பு வயர்களையெல்லாம் ஒன்றாகத் திரித்து எர்த்தில் சேர்த்துவிட்டார். அவற்றுள் ஒன்று, யாரோ நீட்டிவைத்த பின் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயர். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஆம்பிளிஃபயரே இயக்குகிறது. இரண்டிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி எப்போதும் நிற்கும். அதில் ஒன்றைக் காரின் உடலோடு சேர்ப்பது ஷார்ட் செய்வதற்குச் சமம். நல்ல செட்டாக இருந்தால் தன்னைக் காத்துக்கொண்டு அணைந்துவிடும். அவருடையது மலிவான செட். பாட்டு வந்தது, ஒலியைக் கூட்டினார், நின்றது. பின்புறத் தகட்டில் விரல் வைக்க முடியாத சூடு. தவறான இணைப்பு என்று சொல்லிக் கடைக்காரர் வாரண்டியை மறுத்துவிட்டார். என் எரிச்சல் அதனால் அன்று. அவர் இரண்டாவது செட் ஒன்றை வாங்கிவந்து அதே இணைப்பில் மாட்டத் தயாராக நின்றதுதான் காரணம். வோல்ட்டையும் ஓமையும் அளக்கும் மல்டிமீட்டர் அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

எனவே நிறத்தை மறந்துவிட்டு அளந்து பாருங்கள். மீட்டரின் கருப்பு முனையைப் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைத்து, சாவி அணைந்த நிலையிலேயே 12 வோல்ட் காட்டும் வயரைத் தேடினால் அதுதான் செட்டின் மஞ்சளுக்கு உரியது. சாவியைத் திருப்பியதும் உயிர் பெறுவது சிவப்புக்கு உரியது. இவ்விரண்டும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை காரை அணைக்கும்போதும் நேரமும் சேமித்த நிலையங்களும் அழிந்துவிடும்; இரண்டையும் நிலையான மின்சாரத்தில் சேர்த்தால், அணைக்க மறந்த செட் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஐஎஸ்ஓ எனப்படும் பொதுத் தரப் பிளக் உள்ள கார்களிலும், நிலையான மின்சாரத்துக்கான 4ஆம் முள்ளும் சாவி மின்சாரத்துக்கான 7ஆம் முள்ளும் சிலவற்றில் மாறியிருக்கும் என்பதால் அங்கும் அளக்கத்தான் வேண்டும்.

ஸ்பீக்கர் வயர்களுக்கு ஓம் அளவைப் பயன்படுத்துங்கள். 4 ஓம் ஸ்பீக்கரின் இணை ஏறக்குறைய மூன்றரை ஓம் காட்டும்; அந்த இரண்டு வயர்களுள் எதுவும் காரின் உடலோடு தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால், கதவின் மடிப்பில் எங்கோ வயரின் உறை கிழிந்து உலோகத்தைத் தொடுகிறது என்று கொள்ளலாம். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டு எடுத்தால் எந்தக் கதவிலிருந்து ‘டக்’ என்று கேட்கிறது என்பதையும், கூம்பு வெளியே தள்ளப்பட்டால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்டதே ஸ்பீக்கரின் பாசிட்டிவ் என்பதையும் அறியலாம். இச்சோதனையைச் செட்டை இணைக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

மஞ்சள் உறை போட்ட வயர்க் கட்டோ மஞ்சள் பிளக்கோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்கினுடையதாக இருக்கக்கூடும். அதில் மீட்டரை வைக்காதீர்கள்.

டேப் சுற்றி முடித்தல்

வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும். வயர் இணைப்புகளை உலோக இணைப்பியில் வைத்து நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள், அல்லது சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

ஹார்னஸ் இல்லாத பழைய செட்டை வாங்குதல்

வேண்டாம்.

நீல வயரை விட்டுவிடுதல்

எல்லாம் சரியாக இணைத்த பின்னும் எஃப்எம் மட்டும் இரைச்சலாக வந்தால் புதிய செட்டைக் குறைகூறத் தோன்றும். பல கார்களில் ஆன்டெனாவின் அடியில் சிக்னலைப் பெருக்கும் ஒரு சிறு பூஸ்டர் இருக்கிறது. அதற்கு மின்சாரம் செட்டின் நீல வயர் வழியாகத்தான் போகிறது. பயன்படாத வயர் என்று எண்ணி அதை மடித்துக் கட்டிவைத்தவர்கள் பலர். சில செட்டுகளில் ஆன்டெனாவுக்கு முழு நீலமும் வெளி ஆம்பிளிஃபயருக்கு வெள்ளைக் கோடு போட்ட நீலமும் தனித்தனியாக வரும். சிலவற்றில் ஒன்றே இரண்டுக்கும் போதும்.

சரிபார்க்காமல் உள்ளே தள்ளி மூடுதல்

செட்டை மடியில் வைத்தபடியே இயக்கி, ஃபேடரையும் (ஒலியை முன்-பின் நகர்த்துவது) பேலன்ஸையும் (இடம்-வலம் நகர்த்துவது) ஒவ்வொரு மூலைக்கும் திருப்பி நான்கு ஸ்பீக்கர்களும் முறையாக ஒலிக்கின்றனவா என்று கேட்டுவிட்டு, சாவியை எடுத்து மீண்டும் போட்டு நேரம் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே உள்ளே தள்ளுங்கள். கடைசி ஓர் அங்குலம் போக மறுத்தால் உள்ளங்கையால் அழுத்தாதீர்கள். வயர்க் கட்டு செட்டுக்கும் பின்னால் உள்ள உலோகப் பட்டைக்கும் நடுவில் சிக்கியிருக்கும். வெளியே இழுத்து, கட்டைக் கீழ்ப்பக்கமாக ஒதுக்கிக் கட்டிவிட்டு மறுபடி தள்ளினால் பெரும்பாலும் தானே போய் அமர்ந்துவிடும்.