அகராதியில் 'என்' பக்கத்தில் கிடைக்காத வார்த்தைகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக ஆங்கில ஆடியோ பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நாட், ரிங், ரிங்கிள் என்று காதில் விழுந்ததை அகராதியில் 'என்', 'ஆர்' பக்கங்களில் தேடினால், ஒன்று கிடைக்காது, இல்லை சம்பந்தமில்லாத பொருள் வரும். குரல் தேடலும் கைவிட்டது. 'ரிங்' என்றால் மோதிரத்தையே காட்டியது, பாடத்திலோ ஈரத்துணியை ஏதோ செய்யச் சொன்னார்கள். பல நாள் இப்படியே வீணாகப் போனது.

அப்புறம்தான் தினமும் கடந்து போகும் நிட்வேர் போர்டைக் கவனித்தேன். முதல் எழுத்து கே, ஆனால் அது ஒலிப்பதே இல்லை!

சரி என்று 'ந' ஒலிக்கு முன்னால் கே, 'ர' ஒலிக்கு முன்னால் டபிள்யூ சேர்த்துத் தேடினேன், எல்லாம் வந்துவிட்டது. நாட் என்றால் நூல் முடிச்சு, ரிங் என்றால் பிழிவது, ரிங்கிள் என்றால் துணிச் சுருக்கம். கே-யில் இல்லையென்றால் ஜி பாருங்கள்: நா என்றால் கொறிப்பது. நிமோனியாவோ பி-யில் இருக்கிறது, நுரையீரல் அழற்சி. உளவியலைக் குறிக்கும் சைக்காலஜிக்கும் அதே பி.

பலர் கவனிக்காத ஒன்று: தொடக்கத்தில் வரும் ஊமை கே-க்கு அடுத்து 'என்' மட்டும்தான் வரும். அதனால் கே பகுதி முழுவதையும் புரட்ட வேண்டாம், அந்த இரண்டெழுத்தும் சேர்ந்து வரும் சில பக்கங்களே போதும். டபிள்யூ-ஆர் வார்த்தைகள் டபிள்யூ பகுதியின் கடைசியில் இருக்கும்.