அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பையனுக்கு அரசாங்க வேலை கிடைச்சாச்சு, இனிமே கவலை இல்லை.” சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு இன்றும் கேட்கிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் பெரியப்பா, மாமா தலைமுறையினர். அவர்கள் காலத்தில் உள்ளே நுழைந்துவிட்டால் ஓய்வு பெறும்வரை ஒரே இடம், அப்புறம் பென்ஷன். அந்த ஏற்பாடு முடிந்து பல காலம் ஆகிவிட்டது. 1986ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பென்ஷன் கிடையாது. தனியார் நிறுவன ஊழியருக்கு இருப்பதுபோல மத்திய சேம நிதிதான். 55 வயதுக்கு உட்பட்டவர் என்றால் உங்கள் சம்பளத்திலிருந்து 20 விழுக்காடு, அரசாங்கத்தின் பங்காக 17 விழுக்காடு.

எளிதில் வேலை போகாது என்பது ஓரளவு உண்மை. ஆனால் உட்கார்ந்திருந்தால் ஆண்டுகள் போகப் போகப் பதவி தானாக உயரும் என்று நம்பித்தான் பலர் முதல் ஐந்து ஆண்டுகளை வீணாக்குகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த இளையர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது நான் முதலில் எடுத்துச் சொல்வதும் இதைத்தான்.

கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

பொதுச் சேவை என்பது 16 அமைச்சுகளும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆணைபெற்ற கழகங்களும் சேர்ந்தது. ஏறக்குறைய 150,000 பேர் வேலை செய்கிறார்கள். மனிதவள அமைச்சில் சேர்பவரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் சேர்பவரும் வெளியே ‘கவர்மெண்ட்’ என்று ஒன்றாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதலாளி வேறு, சம்பள அமைப்பும் விடுப்பு விதிகளும் வேறாக இருக்கலாம். நிரந்தர வேலையா, இரண்டாண்டு ஒப்பந்தமா, ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் வழியாக அரசாங்க அலுவலகத்தில் உட்காரும் வேலையா என்பதையும் பாருங்கள். மூன்றுக்கும் எதிர்காலம் ஒன்றல்ல.

அடுத்து, உங்கள் நிலை. அமைச்சுகளில் அலுவலக வேலைக்குச் சேரும் பெரும்பாலோர் எம்எக்ஸ் என்ற பதவி நிலை, சம்பளத் திட்டத்தின் கீழ் வருவார்கள். இதில் எண் குறையக் குறைய நிலை உயரும். எம்எக்ஸ் 14ஐவிட 13 மேலே, அதைவிட 12 மேலே. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மகிழ்ந்துபோவது உண்டு. பதவிப் பெயரும் ஏமாற்றும். ‘மேனேஜர்’ என்று பெயர் அட்டையில் இருக்கும், கீழே ஒருவர்கூட இருக்க மாட்டார்.

பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஊழியர்களைக் கல்வித் தகுதிப்படி பிரித்த பழைய ‘டிவிஷன்’ பிரிவுகளை அரசாங்கம் 2017இல் கைவிட்டது. அதே ஆண்டில் பட்டதாரி அல்லாதவர்களுக்கென்று இருந்த திட்டத்தையும் எம்எக்ஸ் திட்டத்தோடு இணைத்துவிட்டார்கள். ஏணி இப்போது ஒன்றுதான். ஆனால் பகுதிநேரமாகப் படித்துப் பட்டம் வாங்கினால் மறுநாளே நிலை உயரும் என்று எதிர்பார்த்துக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள். நீங்கள் பார்க்கும் பொறுப்பு பெரிதாக வேண்டும். பட்டம் அதற்கு உதவுமா என்று மேலதிகாரியிடமும் மனிதவளப் பிரிவிடமும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

போனஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்றாவது மாதச் சம்பளம் ஒன்று. பொருளியல் நிலையைப் பொறுத்து ஆண்டு நடுவிலும் இறுதியிலும் தருவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகை 2024இல் மொத்தம் ஒன்றரை மாதம் கிடைத்தது. 2020இல் சுத்தமாகக் கிடைக்கவில்லை. ஒரு நல்ல ஆண்டைப் பார்த்துவிட்டுக் காருக்கும் வீட்டுப் புதுப்பிப்புக்கும் மாதத் தவணை கணக்குப் போடுவது ஆபத்து.

வாய் திறக்காமல் நல்ல பிள்ளையாக இருப்பது

நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. “சொன்னதைச் செய், பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே” என்று வளர்த்திருக்கிறோம். பள்ளியில் அது நல்ல பெயர் வாங்கித் தரும். அலுவலகத்தில் அதே பிள்ளை நான்கு ஆண்டுகள் கழித்து, “நான் ஒரு தப்பும் பண்ணலையே, ஏன் எனக்குப் பதவி உயர்வு இல்லை?” என்று கேட்டு மனம் நோகிறது.

காரணம் இதுதான். ஆண்டு மதிப்பீட்டில் உங்களைப் பற்றி இரண்டு கேள்விகள் எழும். இந்த ஆண்டு என்ன செய்தார் என்பது ஒன்று. இன்னும் எவ்வளவு பெரிய பொறுப்பை இவரால் தாங்க முடியும் என்பது மற்றொன்று. 1980களில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் முறையைப் பார்த்து இங்கே கொண்டுவந்த சிந்தனை அது. உங்கள் நேரடி மேலதிகாரி தனியாக உட்கார்ந்து மதிப்பெண் போட்டு முடித்துவிடுவதில்லை. ஒரே நிலையில் உள்ள பலரைச் சேர்த்து வைத்து, மேலதிகாரிகள் கூடிப் பேசுகிறார்கள். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களுக்காக ஒருவர் பேச வேண்டும், பேச அவரிடம் விஷயம் இருக்க வேண்டும். “நல்ல பையன், சொன்னதைச் செய்வான்” என்பது அங்கே எடுபடாது. “அந்த மேல்முறையீட்டில் எல்லாரும் தவறவிட்டதை இவர்தான் கண்டுபிடித்தார்” என்று அவர் சொல்லும்படி நீங்கள் ஏதாவது செய்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முதியவர் ஒருவர் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போகிறார். நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் உங்கள் மேசைக்கு வருகிறது. பழைய பதில் ஒன்றைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, “உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்” என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். முடிப்பவர்கள் நிறையப் பேர். இன்னொருவர் அதே கடிதத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறார். பெரியவர் மகள் வீட்டுக்குக் குடிமாறியது தெரிகிறது. அறிவிப்பு மூன்று முறையும் பழைய முகவரிக்கே போயிருக்கிறது. இப்போது அவர் எழுதும் குறிப்பில் நடந்தது என்ன, விதி என்ன சொல்கிறது, விலக்கு அளிக்க இடம் இருக்கிறதா, இவருக்குக் கொடுத்தால் இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் வந்துவிடுகின்றன. கடைசி வரி அவருடைய பரிந்துரை. மேலதிகாரி இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்கலாம்.

பரிந்துரை எழுதப் பயப்படுவது புதியவர்களின் வழக்கம். “முடிவெடுப்பது அவர் வேலையாச்சே” என்பார்கள். முடிவு அவருடையதுதான், ஆனால் நீங்கள்தான் கோப்பை முழுவதும் படித்தவர். உங்கள் பரிந்துரையை அவர் மாற்றினால் ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். பயிற்சி வகுப்பில் கிடைக்காத பாடம் அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கும்.

“இது எங்க துறை இல்ல” என்று தொலைபேசியை வைப்பதும் கூடாது. சரியான துறையைக் கண்டுபிடித்து ஒப்படைக்கும்வரை பொறுப்பு முதலில் கேட்டவருடையது என்பது 2004இலிருந்து உள்ள கொள்கை.

தமிழ் பேசும் அதிகாரிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முகப்பில் ஆங்கிலம் தெரியாத பாட்டி வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மனதார உதவுங்கள், அது பெரிய சேவை. அதே நேரம் வாரத்தில் எத்தனை முறை அப்படி எழுந்து போகிறீர்கள் என்று மேலதிகாரிக்குத் தெரியட்டும். இல்லையென்றால் உங்கள் சொந்த வேலை தாமதமாவது மட்டும்தான் அவர் கண்ணுக்குப் படும்.

“தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்”

உங்களுக்கு அரசாங்க வேலை என்று உறவினர்களுக்குத் தெரிந்த வாரத்திலேயே இது தொடங்கிவிடும். கல்யாண விருந்தில் அத்தை பக்கத்தில் வந்து உட்காருவார். மருமகனின் நிரந்தரவாச விண்ணப்பம் எட்டு மாதமாக அப்படியே கிடக்கிறது. “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுத் தட்டினா தெரிஞ்சிடாது?” வீட்டுக்குப் போவதற்குள் வாட்ஸ்அப்பில் அடையாள எண் வந்துவிடும். அவர் தவறு செய்வதாக நினைத்துக் கேட்பதில்லை, பாசத்தில் கேட்கிறார். மறுப்பது அதனால்தான் கடினம்.

ஆனாலும் மறுத்தே ஆக வேண்டும். வேலைக்காக அல்லாமல் ஒருவரின் பதிவைத் திறந்தாலே அது தவறு. யார், எப்போது, எதைப் பார்த்தார் என்பது கணினியில் பதிவாகும். அரசாங்கத் தரவை அனுமதியின்றி வெளியிட்டால் 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டப்படி 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அத்தைக்கு இந்தச் சட்டமெல்லாம் வேண்டாம். “அத்தை, கோவிச்சுக்காதீங்க. அதை நான் திறந்தாலே என் வேலை போயிடும். எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு சொல்றேன்” என்றால் போதும், புரிந்துகொள்வார். உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக இருந்தால் ஆங்கிலத்தில் கடிதம் எழுத உதவலாம். உங்கள் துறைக்கே வந்த விண்ணப்பம் என்றால் உறவை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு முற்றாக ஒதுங்கிவிடுங்கள். அவருக்காகப் பரிந்து ஒரு சொல்கூடச் சொல்லாதீர்கள்.

தகவலை வெளியே விடுவதும் இதே வகைதான். அதிகாரத்துவ ரகசியச் சட்டம் 1935இலிருந்து இருக்கிறது. 2020இல், கோவிட் நேரத்தில், இன்னும் அறிவிக்கப்படாத விவரங்களைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பியவர்கள்மீது இந்தச் சட்டத்தில் வழக்கு வந்தது. “நாளைக்கு அறிவிக்கப் போறாங்க, உங்களுக்கு மட்டும் சொல்றேன்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பணம், பரிசு, பக்கத்தொழில் ஆகியவற்றுக்கும் தெளிவான விதிகள் உண்டு. தீபாவளிக்கு ஒப்பந்தக்காரர் தரும் முறுக்கு டப்பாவானாலும் மறுத்துவிடுங்கள், மறுக்க முடியாமல் போனால் அன்றே தெரியப்படுத்துங்கள். அடைமானமில்லாத கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டினால் நிதி நெருக்கடி என்று கணக்கு, அதை மறைக்கக் கூடாது. உள்ளூர்ச் சூதாட்டக்கூடத்துக்கு மாதத்தில் நான்கு முறைக்குமேல் போனாலும் அறிவிக்க வேண்டும். மாலையில் துணைப்பாடம் எடுப்பது, இணையத்தில் சேலை விற்பது, வாடகைக் கார் ஓட்டுவது எல்லாவற்றுக்கும் முதலில் அனுமதி.

கொள்முதல் வேலை வந்தால் இன்னும் கவனம். 2012இல் தேசியப் பூங்காக் கழகம் 26 மடிப்பு மிதிவண்டிகளை 57,200 வெள்ளிக்கு வாங்கியது பெரிய சர்ச்சையானது. அதில் ஓர் அதிகாரி விற்பனையாளரோடு இருந்த பழக்கத்தைப் பற்றித் தணிக்கையாளர்களிடம் பொய் சொன்னதற்காக நீதிமன்றத்தில் அபராதம் கட்டினார். தெரிந்தவர் ஏலக்குத்தகையில் கலந்துகொண்டால், “இவரை எனக்குத் தெரியும்” என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இடம் மாறப் பயப்படுவதும், மாறிக்கொண்டே இருப்பதும்

ஒரே மேசையில் ஆறேழு ஆண்டு. வேலை கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகிவிட்டது. பலருக்கு இது சுகம். ஆனால் பொறுப்பு பெரிதாகாத இடத்தில் நிலையும் உயராது. இன்னொரு பக்கம், எட்டு மாதத்தில் சலித்துப்போய் வேறு கழகத்துக்குத் தாவுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வரவுசெலவுத் திட்டச் சுற்றையும் ஒரு மதிப்பீட்டுச் சுற்றையும் முழுதாகப் பார்க்காதவருக்கு அந்த வேலையில் என்ன இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. என் கணக்கில் இரண்டு, மூன்று ஆண்டு நியாயமான காலம்.

இந்த இடத்தில் எஸ். ஆர். நாதனை இளையர்களுக்கு நினைவூட்டுவேன். 1955இல் அவர் பொதுச் சேவையில் சேர்ந்தது மருத்துவமனைச் சமூகப் பணியாளராக. பிறகு கடலோடிகள் நல அதிகாரி, தொழிலாளர் ஆய்வுப் பிரிவு, 1966இல் வெளியுறவு அமைச்சு. 1979இல் அந்த அமைச்சுக்கே நிரந்தரச் செயலாளர். 1999இல் நாட்டின் அதிபர். அதிபரானதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தொடக்க ஆண்டுகள்தான். யாரும் பெரிதாக மதிக்காத பணிகளில் மனிதர்களோடு பேசிச் சிக்கலைத் தீர்க்கக் கற்றுக்கொண்டார். தொழிற்சங்கங்களோடு வேலை செய்தபோது அதுதான் கைகொடுத்தது.

உபகாரச் சம்பளம் பெற்று வந்தவர்களோடு உங்களை ஒப்பிட்டு மனம் வெதும்பாதீர்கள். நிர்வாகச் சேவைக்கும் பொதுச் சேவைத் தலைமைத்துவத் திட்டத்துக்கும் போகிறவர்கள் சிலரே, அவர்களை வேகமாக இடம் மாற்றிப் பழக்குகிறார்கள். அந்தக் கோபத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்ளாமல் இருப்பது உங்களுக்குத்தான் நட்டம். பக்கத்தில் உட்காரும் அந்த இளைஞர் ஒரு கூட்டத்துக்கு எப்படித் தயாராகிறார் என்று கவனியுங்கள். உள்ளிட மாற்றங்களுக்கான அறிவிப்புகளையும் ‘கெரியர்ஸ் அட் கவ்’ என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தையும் அவ்வப்போது பாருங்கள். நார்த் புவன விஸ்தா சாலையில் உள்ள சிவில் சேவைக் கல்லூரியின் வகுப்புகளுக்கும் நீங்களாகவே பெயர் கொடுங்கள்.

ஆண்டு மதிப்பீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். மாதம் ஒருமுறை கால்மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலை மூன்று வரியில் குறித்து வையுங்கள். பேச்சு முடியும் நேரத்தில், “அடுத்த நிலைக்கு நான் தயார் என்று நீங்கள் சொல்ல என்னிடம் எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். நியாயம் கிடைக்கவில்லை என்று உறுதியாகத் தோன்றினால் மனிதவளப் பிரிவு இருக்கிறது. 1959இலிருந்து இயங்கும் பொதுத்துறை ஊழியர்களின் ஒருங்கிணைந்த சங்கமும் இருக்கிறது. சங்கத்தில் சேர, பிரச்சினை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.