பழைய ராக் பாட்டு புரிய ஒரு குறுக்குவழி

ராக் பாட்டின் வரிகளைத் தேடிப் படிக்கும் முன், வார்த்தையில்லாமல் மெட்டை மட்டும் ஒருமுறை முணுமுணுத்துப் பாருங்கள். அது எங்கே உச்சிக்குப் போகிறது, எங்கே இறங்கி நிற்கிறது என்று கவனித்துவிட்டு, அந்த இடத்துச் சொற்களை மட்டும் பாருங்கள். பாட்டின் சாரம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

காரணம், உயர்ந்த சுரமும் நீண்ட சுரமும்தான் காதில் தங்கும்; நல்ல பாடலாசிரியர் முக்கியமான சொல்லை அங்கே வைப்பார். இங்கிலாந்து இசைக்குழு பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே’யில் (1965) ‘நேற்று’ என்ற அந்த முதல் சொல் ஒரு படி இறங்கி, பெருமூச்சு விட்டதுபோல நின்றுவிடுகிறது. அடுத்து, கவலைகள் எங்கோ தொலைவில் இருந்தன என்னும்போது மெட்டு படிப்படியாக ஏறி, ‘தொலைவு’ வரும் இடத்தை ஒட்டி உச்சி தொடுகிறது. எனக்கு இன்னும் அலுக்காத இடம் அது.

எல்லாப் பாட்டுக்கும் இது சரிவராது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யுஎஸ்ஏ’ (‘அமெரிக்காவில் பிறந்தவன்’, 1984) மெட்டில் வெற்றி முழக்கம். வரிகளிலோ வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அல்லாடும் ஒருவன். அந்த முரண்தான் அங்கே பொருளே. பாப் டிலன் பேசுவதுபோலப் பாடும் பாட்டுகளில் மெட்டு அவ்வளவாக அசையாது. அங்கே வரிகளைப் படித்தே ஆகவேண்டும்.